வளைகாப்புக்கு வந்த மிஸ்ஸி

என் முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தான். பெரிய பிள்ளை. துணியில் சுற்றி ஒரு முறை காட்டினார்கள். கன்னம் இரண்டும் உப்பி, கைகளில் மடிப்பு விழுந்து, பிறந்து மூன்று மாதமான குழந்தை அசந்து தூங்குவது போல இருந்தான். ஏன் போனான் என்று எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கண் பட்டுவிட்டது என்றார்கள். அவன் வயிற்றில் இருந்தபோது நான் என்னென்ன செய்தேன், எங்கெங்கே போனேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

மறுபடி ஒரு பிள்ளை வயிற்றில் தங்கியபோது எண்பதுகளின் தொடக்கம். குயின் ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மளிகைக் கடையின் மாடியில் குடியிருந்தோம். கீழே மிளகாய் அரைத்தால் மேலே நாங்கள் தும்முவோம். என் கணவருக்கு அக்கரையில் மாக் மண்டினில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை. விடியும் முன்பே பேரிக் கப்பல் ஏறி, கடலைத் தாண்டி பட்டர்வொர்த் போய்விடுவார், பொழுது சாய்ந்துதான் வருவார். பகலெல்லாம் வீட்டில் நானும் மாமியாரும்தான். மார்க்கெட் ஸ்திரீட் துணிக்கடைகளுக்கு நான் ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். மாமியார் சமைப்பார். அவருக்குத் தெரிந்த அன்பெல்லாம் சமையல்தான்.

ஐந்தாம் மாதம் வரைக்கும் நான் கிளினிக் பக்கமே போகவில்லை. போனால் எதையாவது சொல்லிவிடுவார்கள் என்று பயம். சொல்லாத வரைக்கும் வயிற்றில் இருப்பது நன்றாக இருக்கும் என்பது போல ஒரு மூட நம்பிக்கை.

நான் போகாததால் கிளினிக்கே எங்கள் சந்துக்கு வந்தது. வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு மிஸ்ஸி வந்தார். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிளார்க் வீட்டுப் பெண் என்பது அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்தது. வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன நோய், எவ்வளவு சீனி வாங்குகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். சந்தில் எல்லாப் பெண்களும், "சீனியா? கொஞ்சமாத்தான் மிஸ்ஸி," என்றார்கள். இனிப்பு டின் பால் ஊற்றிய தேத்தண்ணியை ஒரு கையில் வைத்துக்கொண்டே சொன்னவர்களும் உண்டு.

எங்கள் வீட்டுக்கு அவர் ஏறி வந்தபோது மாமியார் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். மிஸ்ஸி என் வயிற்றைப் பார்த்தார்.

"கிளினிக்குக்குப் போனீங்களோ?"

"இன்னும் இல்ல மிஸ்ஸி."

அவர் திட்டவில்லை. ஒரு சின்ன போத்தலைக் கொடுத்து சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, அதில் நீல நிறத் தண்ணீர் ஊற்றி, நான் கொண்டுவந்ததில் சில சொட்டு விட்டு, சின்ன ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. பிறகு செங்கல் நிறத்தில் அடியில் இறங்கி நின்றது. எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், அந்தச் சிவப்பு நல்லதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"இது தலைப்பிள்ளையோ?"

"ரெண்டாவது. மொதல்ல ஒண்ணு... செத்துப் பொறந்துச்சு."

"பெரிய பிள்ளையோ?"

"எப்படித் தெரியும் மிஸ்ஸி?"

அவர் விளக்கை அணைத்தார். "நாளைக்குக் காலமை ஒண்டும் சாப்பிடாமல் கிளினிக்குக்கு வாங்கோ. ரத்தம் பாக்க வேணும்."

மாமியாரிடம் ரவிக்கை கொடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை மிஸ்ஸி தமிழில் சொன்னார். எனக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பிள்ளைத்தாய்ச்சி சமயத்தில் சிலருக்கு வருமாம். இனிப்பு நீர் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் சந்து முனையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர்தான். முழங்காலுக்குக் கீழே கால் இருக்காது. அந்த நோய் வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போகும் என்று யார் கண்டது?

"அப்ப மொதல் பிள்ளை?" என்று கேட்டேன்.

"இதாலதான் போனதெண்டு இப்ப சொல்லேலாது. இருக்கலாம்."

அந்த 'இருக்கலாம்' வீடு வரைக்கும் என் கூடவே நடந்து வந்தது. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது மாமியார் எனக்குக் கொடுக்காத இனிப்பு இல்லை. 'ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்' என்று காலையில் டின் பால் கலந்த மைலோ, மத்தியானம் மலை போல சோறு, சாயங்காலம் கேசரியோ பாயசமோ. தன் மகனிடம் சொல்லி சூலியா தெருவிலிருந்து அல்வா வாங்கி வரச் செய்வார். தான் ஒரு வாய்கூடத் தின்னாமல் எனக்கே ஊட்டுவார். அந்தப் பிள்ளை இதனால்தான் போனான் என்று அவருக்குத் தெரிந்தால்?

கிளினிக் வாசலிலேயே மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தேன். "எங்க அத்தைக்கு மட்டும் சொல்லிடாதீங்க மிஸ்ஸி."

கணவரிடம் சொன்னேன். "டாக்டர் இருக்காங்க லா, பயப்படாத," என்றார். அவர் குரலைக் கேட்டதும் என் பயம் கூடிவிட்டது.

கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்தது. மிஸ்ஸி அவசரமாகப் படித்துச் சொன்னார். பழுப்பு ரொட்டி, ஓட்ஸ், அவித்த உருளைக்கிழங்கு, சீஸ். சீனி கூடாது, சோறு குறைக்க வேண்டும். அதில் இருந்த எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டில் இருந்த எதுவும் அதில் இல்லை. சோறு எவ்வளவு குறைப்பது? தோசை தின்னலாமா? பருப்பு? கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, எதைத் தொட்டாலும் அது நேராகப் பிள்ளைக்கு விஷமாகப் போகிறது என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது.

அதனால் சாப்பிடுவதையே விட்டேன்.

சோற்றைப் பிசைந்து பாவனை காட்டிவிட்டு, மாமியார் திரும்பும்போது காகிதத்தில் சுருட்டிக் கீழே பூனைகளுக்குப் போட்டேன். தேத்தண்ணியைச் சாக்கடையில் ஊற்றினேன். உப்பு பிஸ்கட்டும் வெறும் தண்ணீரும்தான் என் ஆகாரம். "பசிக்கல அத்தை," என்று சொல்லச் சொல்ல, அவர் இன்னும் பலமாக ஊட்டப் பார்த்தார். "மூஞ்சி வாடிப் போச்சு. என் சமையல் புடிக்கலையா? வேற எதாச்சும் ஆக்கித் தரட்டா?" என்பார்.

ராத்திரியில் வயிற்றில் கை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். முதல் பிள்ளை ஒரு நாள் துடிப்பதை நிறுத்தினான், நான் அதைத் தூக்கம் என்று நினைத்திருந்தேன். இந்த முறை துடிப்பு கொஞ்சம் தாமதமானாலும் எழுந்து உட்கார்ந்து வயிற்றைத் தட்டுவேன். அது அசைந்ததும் கணவரை எழுப்பிச் சொல்வேன். பாவம், அவரும் பட்டறை அலுப்போடு எழுந்து, "ஆமா, ஆமா, ஆடுது," என்று கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தூங்குவார்.

ஒரு காலையில் தைத்த துணியை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவு வந்தபோது மளிகைக் கடைக்காரரின் மடியில் தலையும், என் பெயரைச் சொல்லி அலறும் மாமியாரின் குரலும். கீழ்ப்படிகள் என்பதால் வயிற்றில் அடிபடவில்லை. சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள். வழியெல்லாம் நான் வயிற்றைத் தட்டிக்கொண்டே போனேன். அது அசையவே இல்லை. கிளினிக்கில் மிஸ்ஸி ஒரு குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். அவர் நிமிரும் வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.

"இதயம் அடிக்குது. வடிவா அடிக்குது."

மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்ணும் இல்ல."

"நேற்று?"

"பிஸ்கட்."

"ஆர் சொன்னது சாப்பிட வேண்டாமெண்டு?"

"நீங்கதான் மிஸ்ஸி," என்றேன். குற்றமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நான் புரிந்துகொண்டிருந்தேன்.

அவர் அந்தத் தாளைக் கேட்டார். நான் ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதை மறுபடி படித்துப் பார்த்தார். "உங்கட வீட்டில ஆரும் சீஸ் சாப்பிடுறவையோ?"

"சீஸ்னா என்ன மிஸ்ஸி?"

அவர் தாளை மடித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். "என்னிலதான் பிழை, பிள்ளை. பட்டினி கிடந்தால் அதுவும் உள்ள இருக்கிறதுக்குக் கூடாது. நாளைக்கு நான் உங்கட குசினிக்கு வாறன். உங்கட மாமியிட்டச் சொல்லாமல் இனிமேல் ஏலாது. ஆனால் எப்பிடிச் சொல்லுறதெண்டு என்னட்ட விடுங்கோ."

அன்று இரவு நான் தூங்கவில்லை. விடிந்தால் மாமியாருக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் மிஸ்ஸி வந்து, அடுப்படியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். மாமியார் வழக்கம்போலத் தேத்தண்ணி கலக்கினார். டின் பால் கெட்டியாக இறங்குவதை மிஸ்ஸி பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடித்தார். பிறகுதான் பேசினார்.

"அம்மா, உங்கட மருமகளுக்கு ரத்தத்தில சீனி கூடிப்போச்சு. பிள்ளைத்தாய்ச்சிக்கு வாறதுதான். இது ஆராலயும் வந்ததில்லை. மருந்தைவிட சாப்பாடுதான் இதுக்கு முக்கியம். சமைக்கிறது நீங்கள். எனக்கு உங்கட உதவி வேணும்."

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

மிஸ்ஸி முந்திக்கொண்டார். "அவ பயந்துபோனா. பயத்தில சாப்பாட்டையே விட்டிட்டா."

மாமியார் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன செய்யணும் சொல்லுங்க மிஸ்ஸி," என்றார்.

அன்று மத்தியானம் முழுவதும் அவர்கள் இரண்டு பேரும் எங்கள் சமையலைப் பிரித்துப் பார்த்தார்கள். மிஸ்ஸிக்கும் எல்லாம் தெரிந்திருக்கவில்லை. அவர் வீட்டில் சிவப்பரிசிப் பிட்டு, மரக்கறி. சிவப்பரிசி சமைக்கலாமே என்றார். "என் மவன் அதத் தொடமாட்டான். ரெண்டு ஒலை வைக்க என்னால முடியாது," என்றார் மாமியார். சரி, வெள்ளைச் சோறே இருக்கட்டும், அளவைப் பார்ப்போம் என்று மிஸ்ஸி இறங்கி வந்தார். நான் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றைத் தட்டில் வைத்துக் காட்டச் சொன்னார். மாமியார் வைத்தார். மிஸ்ஸி அலமாரியைப் பார்த்து, குழம்பு ஊற்றும் சின்ன மங்குக் கிண்ணம் ஒன்றை எடுத்து அதில் சோற்றை அள்ளித் தட்டில் கவிழ்த்தார்.

"இவ்வளவுதானா? இது கோழிக்குப் போடுற அளவு மிஸ்ஸி!"

"மிச்ச இடத்துக்குக் கீரை போடுங்கோ. மீன் போடுங்கோ. பருப்பும் சேத்துத் தாங்கோ. பசிச்சால் கொஞ்சம் கழிச்சுத் திரும்பவும் சாப்பிடட்டும். கனக்க ஒரேயடியாய் வேண்டாம்."

"கீரையா? அது எவ்வளவு வேணும்னாலும் போடலாமா?" மாமியார் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அள்ளிப் போட ஏதாவது ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது.

நான் மறுபடி சாப்பிட ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாய்க்கும் பயந்து பயந்துதான் சாப்பிட்டேன். ஆனாலும் சாப்பிட்டேன்.

ஏழாம் மாதம், முதல் பிள்ளை தங்காததால் இதற்கும் செய்யலாம் என்று வளைகாப்புப் பேச்சு வந்தது. எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. முதல் முறை கை நிறைய வளையல் போட்டு, சந்தே கூடி, சர்க்கரைப் பொங்கலும் அதிரசமும் ஊட்டிவிட்டுப் போனார்கள். பிறகு அந்த வளையல்களை நான் கழற்றிய நாளும் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று அழுதேன். மாமியாரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியது மிஸ்ஸிதான்.

"நான் வீடு வீடாய்க் கேட்டன், ஒருத்தரும் உண்மை சொல்லேல்லை. கிளினிக்குக்கு வாங்கோ எண்டன், ஒருத்தரும் வரேல்லை. வளைகாப்பு எண்டால் எல்லாரும் வருவினம். வாற ஆக்களுக்கு நான் அங்கயே ரத்தம் பாத்திடுவன்."

"என்னய வச்சா மிஸ்ஸி? எனக்கு இனிப்பு நீர்னு சந்துக்கே தெரிஞ்சிடுமே."

"ஓம், தெரியும். உங்களுக்கு விருப்பமில்லாட்டி விடுவம்."

இரண்டு நாள் யோசித்தேன். செத்துப்போன பிள்ளையைப் பற்றி யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பெரிய பயம். கடைசியில் சம்மதித்தேன். எனக்கு யாரும் முன்னமே சொல்லாதது அந்தப் பெண்களில் ஒருத்திக்காவது முன்னமே தெரியட்டும் என்று தோன்றியது. தைரியமெல்லாம் இல்லை.

வளைகாப்பன்று எங்கள் மாடி நிறைந்துவிட்டது. மாமியார் சுண்டலும், புளிச்சோறும், உப்பு போட்ட கொய்யாத் துண்டும் செய்திருந்தார். சர்க்கரைப் பொங்கல் ஒரே ஒரு சின்னக் கிண்ணத்தில் சாமிக்கு முன்னால் இருந்தது. "பிரசாதம் நுனி விரல்ல தொட்டுக்கிட்டாப் போதும்," என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மிஸ்ஸி பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஊசியையும் காகிதத் துண்டுகளையும் எடுத்து வைத்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் தொட்டு, அது எந்த நிறத்துக்கு மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஊசியைக் கண்டதும் பெண்கள் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒருத்தி, "எங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ்ஸி, நாங்க நல்லாத்தான் இருக்கோம்," என்றாள். அப்போது மாமியார் போய் மிஸ்ஸிக்கு முன்னால் உட்கார்ந்து விரலை நீட்டினார்.

"எனக்கு மொதல்ல குத்துங்க."

காகிதம் நிறம் மாறியது. மிஸ்ஸி அதை டப்பாவில் ஒட்டியிருந்த நிறங்களோடு வைத்துப் பார்த்தார். சீனி கூடினதைக் காட்டும் கருத்த நிறத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் அடிக்கடி தண்ணீர் குடிப்பதையும், ராத்திரியில் பலமுறை எழுந்து போவதையும் நாங்கள் வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தோம். மாமியார் எழுந்து இடம் விட்டார். "உக்காருங்கடி," என்று மற்றவர்களை ஒரு அதட்டல் போட்டார். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். வளையல் அடுக்கிய கைகள் வரிசையாக நீண்டன. அன்று இன்னும் சிலருக்குச் சீனி இருந்தது தெரிந்தது. அதில் ஒருத்தி எனக்கும் இளையவள், மூன்று மாதக் கர்ப்பிணி.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். மாமியார் தண்ணீர்க் குழாயை மூடினார். என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"அந்தப் பிள்ளையும் இதாலதான் போச்சா?"

இத்தனை மாதமாக நான் பயந்த கேள்வி. பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முடியவில்லை.

"தெரியல அத்தை. இருக்கலாம்னு மிஸ்ஸி சொன்னாங்க."

"நான்தானே ஊட்டினேன்."

"எனக்கும் தெரியாது அத்தை. உங்களுக்கும் தெரியாது. நீங்க ஊட்டினீங்க, நான் தின்னேன்."

அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பெரிய வயிற்றோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை போனதிலிருந்து அவர் என் முன்னால் அழுதது அன்றுதான். கணவர் வேலையிலிருந்து வந்து எங்களைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

சாப்பாட்டால் மட்டும் எனக்குச் சீனி அடங்கவில்லை. எட்டாம் மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்சுலின் ஊசி போட்டார்கள். தினமும் பயம்தான். பக்கத்துக் கட்டிலில் யாராவது முனகினால் எனக்கு வியர்க்கும். நாள் நெருங்கும்போது, பிள்ளை பெரிதாக இருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர். பெரிய பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன்.

மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. ஜன்னலில் சாயங்கால வெயில். நாற்காலியில் மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. முதல் பிள்ளையின்போது இருந்த அதே வார்டு, அதே வெறும் கட்டில். கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டேன்.

அவர் திடுக்கிட்டு முந்தானையை விலக்கினார். அழவில்லை. தூங்கியிருந்தார்.

"பொம்பளப் புள்ள," என்றார். "கண்ணாடிப் பொட்டியில வச்சிருக்காங்க. இப்ப அதுக்குச் சீனி கம்மியாயிருச்சாம். பாரு கூத்த! குளுக்கோஸ் ஏத்துறாங்க. கத்துது பாரு, அந்தக் கோடி வரைக்கும் கேக்குது."

நான் காது கொடுத்துக் கேட்டேன். எத்தனையோ குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. எது என்னுடையது என்று தெரியவில்லை. அவளை என் மடியில் வைக்கும் வரைக்கும் மாமியார் சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை.

வீட்டுக்குப் போன நாள் கணவர் டாக்சி பிடித்து வந்தார். மிஸ்ஸி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து, ஆறு வாரத்தில் எனக்கு மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகும் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னார். மாமியார் தன் சீனிக்குக் கிளினிக் வர வேண்டிய தேதியை நினைவுபடுத்தினார். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"மெதுவாப் போங்க அண்ணே," என்றேன்.

டாக்சிக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இதவிட மெதுவாப் போனா நடந்தே போயிடலாம்மா."

"பரவால்ல லா, நடந்தே போற மாதிரி போங்க," என்றார் என் கணவர். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. டாக்சிக்காரர் அதற்கு வழி விட்டுவிட்டு, ஓரமாகவே ஓட்டினார்.